கடலில் இறங்கியதா, வானில் மறைந்ததா? போர் வீரர்கள் கண்ட மர்மப் பொருட்கள்!

2025-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இரவு. அரபிக்கடல் பக்கம் இருந்து ஒரு போர் விமானம் திருவனந்தபுரத்தை நோக்கி வந்தது. அது நம் நாட்டு விமானம் அல்ல. 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' என்ற இங்கிலாந்து விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து புறப்பட்ட 'எப்-35 பி' ரக விமானம். எதிரியின் ரேடார் கண்ணில் எளிதில் படாதபடி கட்டப்பட்டது என்று பெயர் பெற்றது. எரிபொருள் குறைந்து, வானிலையும் மோசமாக, வேறு வழியின்றி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியது. பிறகு அதில் ஒரு எந்திரக் கோளாறு ஏற்பட்டு, ஜூலை 22-ந் தேதி வரை அங்கேயே நின்றது. அதை வைத்து கேரளத்தில் கிளம்பிய கேலியும் கிண்டலும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த வேடிக்கையில் ஒரு முக்கியமான செய்தியை பலர் கவனிக்கவில்லை. "அந்த விமானத்தை எங்கள் கண்காணிப்பு அமைப்பு கண்டுபிடித்து, இன்னது என்று அடையாளம் கண்டு, அதன்பிறகே இறங்க அனுமதித்தோம்" என்ற கருத்தில் நமது விமானப்படை அறிவித்தது.

கண்டுபிடிப்பது ஒன்று, அடையாளம் காண்பது வேறொன்று. வானத்தில் ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது என்ன என்று தெரியவில்லை என்றால்? அப்போது ராணுவம் என்ன செய்யும்?

பாலராமபுரம், அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று இந்த வட்டாரத்தில் தங்கி வேலை பார்க்கும் நமக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல. ஒரு பக்கம் விழிஞம் துறைமுகம். மறுபக்கம் பூவாறு கடற்கரை. வடக்கே தும்பா ராக்கெட் தளம். விமானப்படையின் தென் மண்டலத் தலைமையகமும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. கடலும் வானமும் ராணுவமும் கூடும் இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

நான்கு பேர் கண்ட வெள்ளைப் பொருள்

உலகம் முழுவதும் பேசப்படும் சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2004-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. கலிபோர்னியா மாநிலம் சான்டியாகோ நகருக்கு அப்பால் பசிபிக் கடலில் 'நிமிட்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும், அதன் துணைக் கப்பல்களும் பயிற்சியில் இருந்தன. 'பிரின்ஸ்டன்' என்ற துணைக் கப்பலின் ரேடாரில் சில நாட்களாகவே இனம் தெரியாத புள்ளிகள் தென்பட்டு வந்தன. அன்று இரண்டு போர் விமானங்களை அந்த இடத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் 2 பேர். ஆக 4 பேர்.

அந்த விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் டேவிட் பிரேவர் என்ற கடற்படை அதிகாரி. அவர் சொன்ன விவரம் இது: கடல் அமைதியாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாறையில் அலை மோதுவது போல தண்ணீர் வெள்ளையாகக் கொந்தளித்தது. அதற்கு மேலே வெள்ளை நிறத்தில் ஒரு பொருள் அங்குமிங்கும் அசைந்தது. நீளம் சுமார் 40 அடி. இறக்கை இல்லை. புகை இல்லை. நீளவாக்கில் இருக்கும் மிட்டாய் போன்ற வடிவம். இவர் நெருங்கியதும் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது.

15 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், அதே கலிபோர்னியா பக்கத்துக் கடலில் 'ஒமாகா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் இரவில் ஒரு காட்சியைப் படம் பிடித்தார்கள். உருண்டை வடிவப் பொருள் ஒன்று கடலுக்கு மேல் மிதந்து வந்து, மெல்லத் தாழ்ந்து, தண்ணீரில் மறைவது போல அந்தப் படத்தில் தெரிகிறது. படத்தை எடுத்தது கடற்படையினர்தான் என்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் 2021-ல் ஒப்புக்கொண்டது. அது என்ன பொருள் என்று மட்டும் சொல்லவில்லை.

144-ல் ஒன்றுக்கு மட்டும் விடை!

"பறக்கும் தட்டு" என்றாலே முன்பு சிரிப்பார்கள். பார்த்ததாகச் சொன்ன விமானிக்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இப்போது அந்த நிலை மாறிவிட்டது. 2021 ஜூன் மாதம் அமெரிக்க உளவுத்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004-ம் ஆண்டில் இருந்து வந்த 144 புகார்களை ஆராய்ந்ததாகவும், அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உறுதியான விடை கிடைத்ததாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. அந்த ஒன்றும் என்ன தெரியுமா? காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்!

2022-ல் பென்டகன் இதற்கென்று ஒரு தனி அலுவலகமே திறந்தது. வானம் மட்டும் அல்ல, கடலும் விண்வெளியும் அதன் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் பொருள், அதாவது வானில் பறந்து கடலுக்குள் புகும் பொருள் உண்டா என்பதும் அதன் விசாரணையில் ஒரு பகுதி.

அந்த அலுவலகம் 2024 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கையில், வேற்றுக் கிரகத்தார் வந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று கூறிவிட்டது. ஆனால் எல்லாப் புகார்களுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. ரேடார் பதிவும் படமும் போதாத புகார்கள் கோப்பில் அப்படியே கிடக்கின்றன.

ரெயில் ஜன்னலில் தெரியும் உண்மை

விடை கிடைத்த சில சம்பவங்கள் சுவையானவை. ஒரு விமானி எடுத்த படத்தில், கடல் மட்டத்தை ஒட்டி ஒரு சிறிய பொருள் பேய் வேகத்தில் பறப்பது போலத் தெரிந்தது. உலகமே வியந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பொருள் கடலை ஒட்டிப் பறக்கவே இல்லை. சுமார் 13 ஆயிரம் அடி உயரத்தில் இருந்தது. வேகமும் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை.

அப்படியானால் அது ஏன் பறந்தது போலத் தெரிந்தது? பாறசாலையில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ரெயிலில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், பக்கத்துத் தென்னை மரம் பின்னால் பாய்ந்து ஓடும். தூரத்து மலை மெல்ல நகரும். நிலவு கூடவே வரும். ஓடுவது மரமும் அல்ல, நிலவும் அல்ல. ஓடுவது நம் ரெயில். போர் விமானத்தில் இருந்து எடுத்த படத்திலும் அதுதான் நடந்தது. விமானத்தின் வேகம் பொருளின் வேகமாகத் தெரிந்தது.

இன்னொன்று, போர்ட்டோரிகோ தீவில் 2013-ல் எடுத்த படம். வெப்பத்தைக் காட்டும் கேமராவில் பதிவானது. பறந்து வந்த பொருள் கடலுக்குள் புகுந்து, வெளியே வந்து, இரண்டாகப் பிரிவது போலத் தெரிந்தது. கடலிலும் வானிலும் ஓடும் வாகனத்துக்கு இதுவே சாட்சி என்று பலர் எழுதினார்கள். 2024 நவம்பரில் பென்டகன் அலுவலகத்தின் தலைவர் அமெரிக்க செனட் சபைக் குழு முன்பு விளக்கம் கொடுத்தார். ஆரம்பத்தில் இருந்தே அவை இரண்டு பொருட்கள்தான். காற்றின் போக்கில் மெதுவாக மிதந்தன. கடலில் இறங்கவே இல்லை. பின்னால் தெரிந்த கடலின் வெப்பமும் பொருளின் வெப்பமும் ஒன்றாக இருந்த நேரத்தில், கேமராவுக்கு அது கண்ணில் படவில்லை. வெள்ளைச் சுவரின் முன்னால் வெள்ளை வேட்டியை விரித்தது போல!

லடாக்கில் பறந்த வியாழன்

அமெரிக்கா வரை போவானேன்? நம் நாட்டு ராணுவத்துக்கும் இந்த அனுபவம் உண்டு.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் காவல் இருந்த ஜவான்கள், ஏரிக்கு மேலே இனம் தெரியாத ஒளிப்பொருட்களைக் கண்டதாக 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகவும் குறித்தார்கள். சீனாவின் உளவு விமானம் என்ற சந்தேகம் எழுந்தது. எல்லையில் பதற்றமான நேரம் அது.

ராணுவம் அப்போது அவசரப்படவில்லை. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்தை அணுகியது. விஞ்ஞானிகள் ஒளி தோன்றிய நேரத்தையும் திசையையும் வைத்து ஆராய்ந்தார்கள். விடை என்ன? வெள்ளிக் கிரகமும் வியாழன் கிரகமும்! மாசு இல்லாத அந்த உயரமான மலைப் பிரதேசத்தில் கிரகங்கள் விளக்குப் போலப் பிரகாசிக்கும். பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்த பொருளுக்கு வைத்த பெயர்தான் தவறு.

2023 நவம்பர் 19-ந் தேதி மணிப்பூர் மாநிலம் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறப்பதாகத் தகவல் வந்தது. விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில விமானங்கள் திருப்பி விடப்பட்டன. விமானப்படையின் ரபேல் போர் விமானங்கள் பறந்து தேடின. ஒன்றும் அகப்படவில்லை. அது என்ன என்பது இன்றும் புதிர்தான்.

மீன் போட்ட சத்தம்

வானத்தில் கண் ஏமாறுகிறது என்றால், கடலில் காது ஏமாறுகிறது. 1981-ம் ஆண்டு அக்டோபரில் ரஷிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சுவீடன் நாட்டுக் கடற்படைத் தளத்தின் அருகே பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. அன்று முதல் சுவீடன் கடற்படைக்கு உறக்கம் போயிற்று. கடலுக்கு அடியில் சத்தம் கேட்கும் போதெல்லாம் நீர்மூழ்கி என்று தேடினார்கள். கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் அலைந்தன.

பிறகு விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு ஒலிப்பதிவைக் கேட்கச் சொன்னார்கள். பல பதிவுகளில் இருந்த குமிழிச் சத்தத்துக்குக் காரணம் ஹெர்ரிங் என்ற மீன்! நம் ஊர் சாளை மீனுக்கு உறவு. கூட்டமாகப் போகும்போது பயந்தால் வயிற்றுக் காற்றை வெளியே விடும். ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நேரத்தில் விட்டால், ஒரு நாட்டின் கடற்படையே நடுங்கிப் போகும்.

கடலில் தெரியும் ஒளியும் அப்படித்தான். இரவில் நீரைக் கலக்கினால் நீல ஒளி வீசுவதை இங்கே 'கவரு' என்று சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை அது. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் போன 'லிமா' என்ற கப்பலின் மாலுமிகள், கடல் முழுவதும் பால் போல ஒளிர்ந்ததாகக் குறித்து வைத்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். மாலுமிகள் சொன்னது முற்றிலும் உண்மை! சுமார் 15,400 சதுர கிலோமீட்டர் கடல் ஒளிர்ந்திருந்தது. குமரி மாவட்டத்தைப் போல 9 மடங்கு!

எனவே, பார்த்தவன் சொல்வதை எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுவதும் சரியல்ல. சொன்ன உடனே நம்புவதும் சரியல்ல. எழுதி வைப்பதுதான் சரி. அந்த மாலுமிகள் தேதியையும் இடத்தையும் எழுதி வைத்ததால்தான் உண்மை வெளிவந்தது.

உண்மையிலேயே கடலில் இருந்து எழும் பொருள்

கடலில் இருந்து கிளம்பி வானில் பாயும் பொருள் உண்மையிலேயே இருக்கிறது. அதைச் செய்தது மனிதன்தான். நமது 'அரிஹந்த்' நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து 2022 அக்டோபர் 14-ந் தேதி வங்கக் கடலில் ஓர் ஏவுகணை சோதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஏவுகணை முதலில் வாயுவின் அழுத்தத்தால் தண்ணீருக்கு வெளியே தள்ளப்படும். நீர்மட்டத்தைத் தாண்டிய பிறகே தீப்பிடித்துச் சீறும். தூரத்துப் படகில் இருந்து பார்க்கிறவருக்கு, கடல் பிளந்து நெருப்பு எழுவதாகத் தோன்றும்.

அதே ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி மாலை, ஒடிசா, மேற்கு வங்காள மக்கள் வானில் ஒரு விசித்திர ஒளியைக் கண்டு திகைத்தார்கள். அது 'அக்னி-5' ஏவுகணைச் சோதனை.

இந்த வகையில் நம் வட்டாரம் முன்னோடி. 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மாலை தும்பாவில் இருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அது வானத்தில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அந்தி நேரத்து வானில் ஆரஞ்சு நிற ஒளிக்கோடு கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் தெரிந்தது. மேல்வானில் காற்று எப்படி வீசுகிறது என்று அறிய விஞ்ஞானிகள் செய்த ஏற்பாடு அது. விவரம் தெரியாமல் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும்போது, தென்கோடி மக்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்.

உயிர் போகும் விஷயம்

இவ்வளவும் படித்துவிட்டு, "நல்ல பொழுதுபோக்கு" என்று நினைத்துவிடக் கூடாது. அடையாளம் தெரியாத பொருளை அவசரத்தில் அடையாளம் கண்டுவிட்டதாக நினைத்தால் உயிர் போகும். அதற்கு நம் கடலே சாட்சி.

2012 பிப்ரவரி 15-ந் தேதி மாலை. கேரளக் கரையில் இருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு வந்துகொண்டிருந்தது. படகில் பெரும்பாலோர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் படகு என்று எண்ணிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். பிழைப்புக்காகக் கேரளத்துப் படகில் வேலைக்கு வந்தவர். வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போயிற்று. 10 கோடி ரூபாய் இழப்பீட்டுடன் 2021 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்து வைத்தது. பணம் வந்தது. போன உயிர் வரவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் 10 பயங்கரவாதிகள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி மும்பைப் பக்கம் வந்தார்கள். மீன்பிடிப் படகுதானே என்று யாரும் சந்தேகப்படவில்லை. மும்பையில் 166 பேர் உயிர் இழந்தார்கள்.

நண்பனை எதிரி என்று நினைத்தாலும் சாவு. எதிரியை நண்பன் என்று நினைத்தாலும் சாவு. ராணுவத்துக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 27-ந் தேதி காஷ்மீரில் நம் விமானப்படையின் ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும், தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் பலியானார்கள். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பிறகு ஒப்புக்கொண்டார்.

இப்போது புரிகிறதா, 'பறக்கும் தட்டு' விசாரணைக்கு ராணுவங்கள் ஏன் பணம் செலவிடுகின்றன என்று? வேற்றுக் கிரகத்தாரைத் தேடுவது அவற்றின் முதல் கவலை அல்ல. வானத்தில் தெரிவது பலூனா, பறவையா, உளவு விமானமா என்று பிரித்தறியும் திறமைதான் அவற்றுக்கு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மாநிலத்துக்கு ஒரு நிறமாகப் படகுகளுக்கு வண்ணம் அடிக்கும் முறை வந்தது. மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. ஒரு லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் மூலம் இருப்பிடத்தைக் காட்டும் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. "இதெல்லாம் வீண் தொல்லை" என்று படகுக்காரர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அட்டையும் வண்ணமும் கருவியும் அரசாங்கத்துக்காக மட்டும் அல்ல. "நான் யார்" என்று கடலில் வாய் திறந்து சொல்ல முடியாத நேரத்தில், அவை நமக்காகப் பேசும். படகில் கூலிக்குப் போகிற நம் பிள்ளைகள் அட்டையை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. வானிலோ கடலிலோ விசித்திரமாக ஏதாவது தெரிந்தால், முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் திசை, எந்த மரத்துக்கு அல்லது கட்டிடத்துக்கு மேலே, எவ்வளவு நேரம் தெரிந்தது, நகர்ந்ததா நின்றதா என்று எழுதுங்கள். மறுநாளும் அதே நேரம், அதே திசையில் தெரிந்தால் அநேகமாக அது ஒரு கிரகம். சந்தேகமான படகு என்றால் கடலோரப் போலீசுக்கு 1093 என்ற எண்ணில் சொல்லலாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

கரை ஒதுங்கும் பொருளைத் தொட வேண்டாம். 2025 மே 25-ந் தேதி கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற கப்பல் மூழ்கியபோது, 600-க்கும் அதிகமான கன்டெய்னர்கள் அதில் இருந்தன. சிலவற்றில் அபாயகரமான ரசாயனமும் இருந்தது. கரையில் ஒதுங்கிய பெட்டிகளை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. "தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள், 112-க்குத் தகவல் சொல்லுங்கள்" என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

நிமிட்ஸ் கப்பல் விமானிகள் கண்ட வெள்ளைப் பொருள் என்ன என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இதுவரை இல்லை. நாளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அன்று அவர்கள் செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. இனம் தெரியாத பொருளை நெருங்கிப் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததைத் திரும்பி வந்து சொன்னார்கள். சுடவில்லை.